வேலிக்கு அந்தப் பக்கத்துக் கீரை

பொம்மையின் முகம் தன் வீட்டைப் பார்த்து நின்றதுதான் சாந்தாமணிக்குத் தாங்கவில்லை.

ஆள் உயரக் கம்பம். அதன் உச்சியில் கறுப்புத் தகட்டில் வரைந்த ஒரு மூஞ்சி, முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. தெய்வானையின் தோட்டத்தில், கம்பி வேலிக்கு நாலு அடி உள்ளே நட்டிருந்தது. ரோட்டுத் தடத்தைப் பார்த்து வைத்திருந்தால் ஊர்க்கண்ணுக்கு வைத்திருக்கிறாள் என்று விட்டுவிடலாம். அது நேராகச் சாந்தாமணியின் அடுப்படி வாசலைப் பார்த்தது. காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இத்தனை பெரிய ஊரில் கொள்ளிக்கண் என் கண் ஒன்றுதானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெய்வானை அவளுக்கு ஓரகத்தி. அண்ணன் பெண்டாட்டி தெய்வானை, தம்பி பெண்டாட்டி சாந்தாமணி. மாமனார் எட்டு ஏக்கரைச் சரிபாதியாகப் பிரித்து நடுவில் கல் நட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. ஊர் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. கல் நட்ட நாளிலிருந்து இருபத்தாறு வருடமாக, அதாவது இந்த 2041 வரைக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்பதிலேயே சாந்தாமணியின் பாதி ஆயுசு போயிருந்தது. தெய்வானை வீட்டில் மாடி எழும்பினால் இங்கேயும் மாடி எழும்ப வேண்டும். தெய்வானை சிந்து மாடு வாங்கினால் இங்கே ரெண்டு சிந்து மாடு. பதினேழு வருடத்துக்கு முன் சாயப்பட்டறைக் கழிவுச் சேற்றைக் காயவைத்து, உரம் என்று லாரியில் கொண்டுவந்து ஓசியில் இறக்கினார்கள். தெய்வானை பத்து லோடு வாங்கினாள் என்று கேள்விப்பட்டதும், டிரைவருக்கு மோர் கொடுத்து, சிரித்துப் பேசி, பதினைந்து லோடு இறக்கிக்கொண்டவள் சாந்தாமணி. இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி வரும்.

ஆறு வருடத்துக்கு முன் வேலியோரத்து வேப்பமரம் யாருடையது என்று ஒரு சண்டை. அதோடு பேச்சும் நின்றது.

நாலு வருடமாகத் தெய்வானை அந்தக் கீரையைப் போட்டுவந்தாள். பார்க்கத் தண்டுக்கீரை மாதிரிதான் இருக்கும். ஆனால் நெஞ்சு உயரம் வளரும். முதலில் பச்சையாக இருந்து, மெல்லச் சிவந்து, கடைசியில் இலை, தண்டு, வேர் எல்லாம் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு செடியின் காலிலும் ஒரு பொட்டுத் தகடு. மாதம் ஒருமுறை வெள்ளை வேன் வந்து, கையுறை போட்ட ஆட்கள் சிவந்த செடிகளை வேரோடு பிடுங்கி, எடை போட்டு, வெள்ளைப் பையில் அடைத்து ஒட்டி எடுத்துப் போவார்கள். கையால்கூடத் தொடாமல் பேக்கிங் செய்கிறார்கள் என்றால் அது வெளிநாட்டுக்குத்தான் போகும் என்று சாந்தாமணி முடிவு கட்டினாள். கீரை எடுத்த பாதித் தோட்டத்துக்கு அரசாங்கம் பச்சை அட்டை கொடுத்திருப்பதாகவும் காதில் விழுந்தது. காதில் விழுந்தது கையில் கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அவள் தோட்டமோ வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே வந்தது. மழை பெய்தால் மண் வாசனை வராது. பேனா மை மாதிரி ஒரு நெடி வரும். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். மண்புழுவைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. கத்திரி காய்த்தது, தக்காளி காய்த்தது, ஆனால் இருக்க வேண்டிய திடத்தில் பாதிகூட இல்லை. "எல்லாம் அவ கண்ணு" என்று சாந்தாமணி புருஷனிடம் சொல்வாள். லோகநாதன் "ம்" என்பார். அதற்கு மேல் பேசினால் வீட்டில் சோற்று வட்டல் பறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. தெய்வானையின் மருமகள் போன தையில் மூன்றரைக் கிலோவில் ஒரு ஆண் குழந்தை பெற்றாள். சாந்தாமணியின் ஒரே மகள் மௌனிகாவுக்கு இரண்டு முறை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது.

மகள் வாழ்க்கைப்பட்டது ஈரோட்டில். மாமியார் இல்லாத வீடு. மருமகனுக்குக் கடலில் காற்றாலை வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். கடைக்காய்கறியைத் தின்று என் பிள்ளை கெட வேண்டாம் என்று சாந்தாமணி வாரம் தவறாமல் ஒரு பை அனுப்புவாள். ஓட்டுநர் இல்லாத மினி பஸ்ஸின் பின் இருக்கையில் பையைக் கட்டிவிட்டால், ஈரோட்டில் மகள் வந்து அவிழ்த்துக்கொள்வாள். கத்திரிக்காய், தக்காளி, அரைக்கீரை, பாட்டிலில் பால், வீட்டு நெல்லில் அரைத்த அரிசி. அந்தப் பை மட்டும் இல்லையென்றால் அந்தப் பெண் என்னத்தைத் தின்றிருப்பாள் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவது முறை தங்கிவிட்டது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து மகளைக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது, கீரை நிறையக் கொடுங்கள் என்றார்கள்.

கீரை என்ற சொல் காதில் விழுந்ததுமே சாந்தாமணியின் கண் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தெய்வானை கண்ணசருவாள். அந்த நேரத்தில் சாந்தாமணி கம்பியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பொம்மையைப் பார்த்து, "என்ன முழிக்கறே? என்ற புள்ளைக்குத்தான்" என்றாள். நன்றாகச் சிவந்ததாக, பிஞ்சுத் தண்டாகப் பார்த்து மூன்று செடி வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். சமைத்தபோது சட்டியே ரத்தமாகச் சிவந்தது. இவ்வளவு சிவப்பு ரத்தம் ஊறாமல் போகுமா? மௌனிகா இரண்டு வாய் தின்று, "சப்புன்னு இருக்குதும்மா, இரும்பை நக்கறாப்பல இருக்குது" என்றாள். "இரும்புச் சத்துன்னா அப்படித்தான் கண்ணு இருக்கும்" என்று சாந்தாமணி இன்னொரு கரண்டி வைத்தாள்.

பதினான்கு நாள். ஒரு நாள் விட்டு வைக்கவில்லை. திருடுகிறோம் என்ற கூச்சம் முதல் நாளோடு போயிற்று. தெய்வானை அனுபவித்ததில் தனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது என்ற சந்தோஷம் தினமும் சோறுபோல இனித்தது.

பதினைந்தாம் நாள் மத்தியானம் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் வாசலில் தெய்வானை. ஆறு வருடம் கழித்து. கூடவே வெள்ளை வேனில் வரும் பெண், கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஒரு கருவியோடு.

தெய்வானை சிரித்துக்கொண்டே வந்தாள். அதுதான் சாந்தாமணிக்குப் புரியவில்லை.

"சாந்தா, சண்டைக்கு வரலை. இது பர்வீன், மண் மீட்பு நிலையத்துப் புள்ள. செடியை எண்ணிப் பார்த்தா நாப்பத்திரண்டு கொறையுதுன்னு பதறுச்சு. நான்தான், பதறாதே கண்ணு, எங்க சாந்தாதான் எடுத்துட்டுப் போனா, அவ தோட்டத்துல நடறதுக்குன்னு சொன்னேன். நீ வேரோட புடுங்கி ஈரச் சாக்குல சுத்திக்கிட்டுப் போறதை மாடியில இருந்து நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க நட்டிருக்கறே, காட்டு. பர்வீன் உன்ற பேரையும் பதிஞ்சுக்கும்."

பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெருந்தன்மை சாந்தாமணிக்குச் செருப்படியாகப் பட்டது. திருடி என்று திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள்.

"நடறதா? கீரையை எவளாவது நடுவாளா? என்ற புள்ளைக்கு ஆக்கிப் போட்டேன். உன்ற மருமவ மட்டுந்தான் தின்னோணும்னு சட்டமா?"

தெய்வானையின் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே, கூடத்தில், மௌனிகா வட்டலில் சிவந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தெய்வானை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, அவள் கையிலிருந்த வட்டலைப் பிடுங்கினாள். வாய்க்குள் விரலை விட்டு இருந்ததையும் வழித்தெடுத்தாள்.

"ஒரு வாய் கீரைக்குப் பொறுக்கலையா உனக்கு?" சாந்தாமணிக்குத் தொண்டை கிழிந்தது. "வயித்துப்புள்ளக்காரி கையில இருந்து புடுங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"துப்பு கண்ணு, துப்பு" என்று தெய்வானை அழுதுகொண்டே மௌனிகாவின் முதுகைத் தட்டினாள்.

பர்வீன்தான் சொன்னாள்.

"இது திங்கற கீரை இல்லைங்கம்மா. மண்ணுல இருக்கிற விஷத்தை உறிஞ்சறதுக்குன்னே எங்க ஆளுங்க மாத்தி உண்டாக்கின செடி. காட்மியம், ஈயம், குரோமியம்னு சாயக் கழிவுல வர்ற உலோகமெல்லாம் மண்ணை விட்டுத் தானாப் போகாது. இந்தச் செடி வேரால இழுத்து இலையில வச்சுக்கும். விஷம் நிறைய நிறையச் சிவக்கும். நல்லாச் சிவந்துட்டா வயிறு முட்டிப் போச்சுன்னு அர்த்தம். அப்ப புடுங்கி, எரிச்சு, சாம்பலைச் சிமென்ட்டுல பூட்டிடுவோம். அதான் ஒவ்வொரு செடியையும் எண்ணறோம். மண்ணு சுத்தமான பாகத்துக்குத்தான் பச்சை அட்டை."

சாந்தாமணி ஒவ்வொரு நாளும் நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துத்தான் பிடுங்கினாள்.

"யாருக்குத் தெரியும் அது?" சாந்தாமணி பர்வீனிடம் திரும்பினாள். "ஒரு போர்டு வச்சீங்களா?"

"வச்சிருக்கோங்களேம்மா. போர்டுல எழுதி வச்சா யாரும் படிக்கிறதில்லைன்னுதான், பார்த்தாலே பயந்து ஒதுங்கற மாதிரி மூஞ்சி வரைஞ்சு வச்சோம்."

"அது திருஷ்டிப் பொம்மை..."

"ரோட்டைப் பார்த்துத்தான் நட்டாங்க" என்றாள் தெய்வானை. "நாந்தான் உன்ற அடுப்படிப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்துதான் உன்ற மாடு வரும், கோழி வரும். நாளைக்குப் பேரம்பேத்தி தவழ்ந்து வரும். கொழுந்தனாருகிட்ட மூணு தடவை சொல்லியும் அனுப்புனேனே, சாந்தா."

சாந்தாமணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். லோகநாதன் தூணோடு தூணாக நின்றார். "சொன்னாங்க" என்றார். "மண்ணு நிலையத்துக் கூட்டத்துக்கும் நாந்தான் போனேன். வந்து சொல்லலாம்னு பார்த்தா... அண்ணியார் பேரை எடுத்தாலே நீதான் சாமியாடுவியே."

கூட்டத்துக்கு அவள் போகாததற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை. அழைப்பு முதலில் தெய்வானை வீட்டுக்குப் போயிருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மௌனிகாவின் இடுப்பு வரை தொங்கிய சடையிலிருந்து ஒரு கற்றையை வேரோடு ஒட்ட வெட்டிக்கொண்டாள் பர்வீன். ஐந்து நாள் சாந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வயிற்றில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். உள்ளே உதைத்தால் உயிர் வந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் இவளுக்கும் மூச்சு நின்றது. கூடவே, சொல்லக் கூசுகிற ஒரு நினைப்பும் வந்து வந்து போயிற்று: தெய்வானை நினைத்திருந்தால் முதல் நாளே தடுத்திருக்கலாம், தெரிந்தே விட்டுவிட்டாள். பழியைத் தூக்கித் தெய்வானை தலையில் வைத்த அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கொஞ்சம் தூங்க முடிந்தது.

ஐந்தாம் நாள் டாக்டரம்மாவும் பர்வீனும் ஒரு திரையைக் காட்டினார்கள். திரையில் ஒரு கோடு மலை மலையாக ஏறி இறங்கியது.

"கீரையால கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "ஆனா பதினாலு நாள் கீரை இவ்வளவு ஏத்தாது."

"முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்" என்றாள் பர்வீன். "உடம்புக்குள்ள என்ன போச்சோ அது அந்தந்த மாசத்து முடியில தங்கிடும். மௌனிகா சடையில அஞ்சு வருஷம் இருக்கு. நுனி வரைக்கும் விஷம் இருக்கு. இந்த ரெண்டு உச்சியும் ரொம்ப அதிகம்." அவள் விரல் தொட்ட இரண்டு இடமும் எந்த மாதங்கள் என்று சாந்தாமணிக்குச் சொல்லாமலே தெரிந்தது. கலைந்துபோன மாதங்கள்.

"ஆனா இங்க மட்டும் நாலு மாசம் கோடு கீழ விழுந்து கிடக்குது பாருங்க. போன கார்த்திகையில இருந்து இந்த மாசி வரைக்கும். மௌனிகா, அப்ப நீங்க வெளியூர் எங்கயாவது போயிருந்தீங்களா?"

மௌனிகா யோசித்தாள். "எங்கயும் போகலைங்க. வீட்டுலதான் இருந்தேன். அப்ப வெள்ளத்துல பாலம் ஒடைஞ்சு போச்சுங்க. நாலு மாசம் பஸ் இல்லை." சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பார்வையை உடனே தாழ்த்திக்கொண்டாள்.

"பஸ் இல்லைன்னா?"

"அம்மாவோட பை வரலைங்க" என்றாள் மௌனிகா மெல்ல. "கடையிலதான் வாங்கித் தின்னேன்."

டாக்டர் நாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தை உண்டானதே அந்த நாலு மாசத்துக்குள்ளதான்" என்றார். "அதனாலதான் தங்கியிருக்கு."

அந்த அறையில் யாரும் சாந்தாமணியைக் குற்றம் சொல்லவில்லை. பர்வீன்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்: "உங்க தோட்டத்துல சாயக் கழிவு எத்தனை லோடு இறக்கினீங்கம்மா?"

பதினேழு வருடமாகப் பெருமையாகச் சொல்லிவந்த எண்ணைச் சாந்தாமணியால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. லோகநாதன்தான் சொன்னார்.

குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மீதி இரண்டு மாதம் அந்த மண்ணில் விளைந்தது எதுவும், அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும், அந்த மாட்டுப் பால் ஒரு வாயும் கூடாது. அந்த அடுப்படிப் பக்கமே இருக்காமல் போனால் நல்லது. வீட்டுப் புழுதியிலும் இருக்கும். ஈரோட்டில் தனியாக விடவும் கூடாது.

"எங்கூட்டுக்கு வரட்டும்" என்றாள் தெய்வானை. அவளும் கூட வந்து வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள். "செடி போட்ட நாளாத் தண்ணி, அரிசி, காய் எல்லாம் நிலையத்துல இருந்துதான் எங்களுக்கு வருது. எங்க தோட்டத்து மண்ணு வாசல் தாண்டி உள்ள வராது. அப்படிப் பழக்கியிருக்கறாங்க."

பெற்ற மகளின் தலைப்பிரசவம் ஓரகத்தி வீட்டில். தெய்வானை கையால் ரசம், தெய்வானை கையால் பத்தியம். குழந்தையை முதலில் வாங்குகிற கையும் அவள் கையாகத்தான் இருக்கும். ஊர் என்ன சொல்லும்? 'பெத்தவ கையில சோறு தின்ன முடியலை' என்று சொல்லும். அதைவிடக் கொடுமை, அது நிஜமாகவும் இருக்கும். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

மௌனிகா தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போக்கா" என்றாள் சாந்தாமணி. ஆறு வருடம் கழித்து அக்கா என்ற சொல் வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேகால் கிலோ. கொஞ்சம் பூஞ்சை உடம்புதான்; மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், ஐந்து வயது வரை. ஆனால் வீட்டையே தூக்கிப் போடுகிற மாதிரி அழுதது. அந்த அழுகை வேலியைத் தாண்டி சாந்தாமணியின் அடுப்படிக்கு வந்தது. பின்னாலேயே தெய்வானை தாலாட்டுகிற சத்தமும் வந்தது. தினமும் குளித்து, துணி மாற்றிக்கொண்டு போய்ப் பேத்தியைத் தூக்கலாம். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்துவிட வேண்டும். அவளுக்குப் பொறாமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை தெய்வானையைப் பார்த்து முதலில் சிரித்த அன்றைக்குச் சாந்தாமணி இரவுச் சோறு உண்ணவில்லை.

மாடுகள் இரண்டையும் நிலையத்துக்காரர்கள் ஓட்டிப் போனார்கள். கார்த்திகை முதல் வாரம் பர்வீன் நாற்றுப் பெட்டிகளோடு வந்தாள். சாந்தாமணியின் நாலு ஏக்கரிலும் செடி நட ஆட்கள் இறங்கினார்கள்.

"எத்தனை வருஷம் ஆகும் கண்ணு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"உங்களுக்கு ஒம்பது வருஷங்கம்மா."

"அக்காவுக்கு?"

"அவங்களுக்கு மொத்தம் ஆறு. நாலு முடிஞ்சிருச்சு." பர்வீன் தயங்கினாள். "நீங்க அஞ்சு லோடு கூட வாங்கினீங்க இல்லைங்களா."

கணக்கில் இந்த முறையும் சாந்தாமணிக்குத்தான் அதிகம். பேத்திக்கு ஒன்பது வயது ஆகும்போதுதான் இந்த மண்ணில் அவள் வெறுங்காலோடு ஓடலாம்.

ஆட்கள் கடைசியாகக் கம்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதே முட்டைக் கண், அதே தொங்கும் நாக்கு. "எந்தப் பக்கம் பார்த்து நடறதுங்க? ரோட்டைப் பார்த்தா?" என்று ஒருவன் கேட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தெய்வானை குழந்தையை வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். பஸ்ஸில் கட்டிவிடுகிற துணிப்பை இன்னும் அடுப்படிக் கதவின் ஆணியில்தான் தொங்கியது.

"என்ற அடுப்படியப் பார்த்து நடு" என்றாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது இரண்டு மூஞ்சிகள் அவளைப் பார்த்து நாக்கை நீட்டின.